தம்மைக் கண்ட யாத்திரிகர்

நுழையும்முன்

ஒருவர் தாம் யார் என்பதை எவ்வாறு அறிகிறார்? பிறந்த ஊர், தாய்மொழி, குடும்பம், சமயம் ஆகியவை இவ்வினாவுக்குரிய விடையைப் பிறக்கும்போதே அவர் கையில் தந்துவிடுகின்றன. அவ்விடை தமக்குப் போதாது எனத் தோன்றும்போது சிலர் புதிய பாதையில் நடக்கத் தொடங்குகின்றனர். அந்நடையில் எதை விட்டுச் செல்வது, எதை உடன் கொண்டு செல்வது என்பது எளிதில் தீராத சிக்கல். வைணவக் குடும்பத்தில் பிறந்து, கிறித்தவராகி, தமிழில் பெருங்காப்பியம் படைத்த எச்.ஏ. கிருட்டிணனாரின் வாழ்வு அச்சிக்கலுக்குக் கண்ட விடையாகும்.

இரு மரபுகள் வாழ்ந்த மண்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் திருநெல்வேலி மாவட்டம் இன்றுள்ளதைவிடப் பரந்து விரிந்தது. தெற்கே தேரிமணலும் பனங்காடும் சூழ்ந்த கடற்கரை வரை அது நீண்டிருந்தது. வடக்கே மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அடுத்தடுத்து அமைந்த இராசபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் அம்மாவட்டத்தையே சேர்ந்திருந்தன. 1910ஆம் ஆண்டில் இராமநாதபுரம் மாவட்டம் உருவானபோது இவ்விரண்டு ஊர்களும் அதனுடன் இணைந்தன. இன்று அவை விருதுநகர் மாவட்டத்தில் உள்ளன.

ஸ்ரீவில்லிபுத்தூர் தமிழ் வைணவத்தின் தொட்டில்களுள் ஒன்று. பெரியாழ்வாரும் ஆண்டாளும் தோன்றிய பெருமை அவ்வூருக்கு உண்டு. கண்ணனைத் தம் மடியில் தவழும் பிள்ளையாகக் கண்டு பெரியாழ்வார் பாடினார். அவனையே மணாளனாக எண்ணி உருகினார் ஆண்டாள். இறைவனிடம் தாயாகவும் காதலியாகவும் உறவு கொண்டாடலாம் என்னும் துணிவை இவ்விருவர் பாடல்களும் தமிழருக்கு வழங்கின. நெல்லைச் சீமையின் வைணவ இல்லங்களில் பிறந்த குழந்தைகளுக்குக் கண்ணனின் பெயரைச் சூட்டுவது இம்மரபின் இயல்பான தொடர்ச்சியாயிற்று.

அதே மண்ணில் கிறித்தவமும் வேரூன்றி வளர்ந்தது. பாளையங்கோட்டை, நாசரேத்து, இடையன்குடி, சாயர்புரம் போன்ற ஊர்களில் ஆலயங்களும் பள்ளிகளும் எழுந்தன. மாவட்டத்தின் வடபகுதியில் 1854ஆம் ஆண்டு முதல் தாமஸ் இராக்லாந்து என்னும் ஆங்கிலேயர் தம் தோழர்களுடன் கூடாரமிட்டுத் தங்கி, ஊர் ஊராகச் சென்று சமயப்பணி ஆற்றினார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் உயர்நிலை பெற்றுத் தேறிய அவர், சிவகாசியில் 1858ஆம் ஆண்டு மறைந்தார். நெல்லைத் தமிழ்ப்புலவர் ஒருவர் திருமுழுக்குப் பெற்றுக் கிறித்தவரானதும் அதே ஆண்டில்தான்.

வைணவ இல்லத்தில் வளர்ந்த தமிழ்

திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பு என்னும் சிற்றூரில், 1827ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள், சங்கர நாராயணர், தெய்வநாயகி அம்மையார் இணையருக்கு மகனாகக் கிருட்டிணனார் பிறந்தார். பெற்றோர் திருமாலிடம் ஆழ்ந்த பற்றுடையவர்கள். தந்தையார் கம்பராமாயணத்தில் தோய்ந்தவர். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களைக் கொண்ட அப்பெருங்காப்பியத்தின் சொல்லும் ஓசையும் சிறுவனின் செவியில் இளமை முதலே ஒலித்தன. ஆழ்வார்களின் பாசுரங்களும் அவ்வில்லத்தின் அன்றாட வழிபாட்டிற்கு உரியவை.

அக்காலத்தில் தமிழ் கற்பதென்பது புலவர் ஒருவரை அடுத்து, நிகண்டும் இலக்கணமும் மனப்பாடம் செய்து, பாடல்களை ஓதி உரை கேட்கும் நெடிய பயிற்சியாகும். கிருட்டிணனார் இவ்வழியில் இலக்கண இலக்கியங்களை முறையாகக் கற்றார். வடமொழிப் பயிற்சியும் பெற்றார். செய்யுள் இயற்றும் ஆற்றல் அவருக்கு இயல்பாக வாய்த்தது. இளமையிலேயே அவர் தம்மைப் பற்றித் தெளிவான ஓர் எண்ணம் கொண்டிருந்தார். தாம் ஒரு வைணவர், தமிழ்ப்புலவர் என்பதே அவ்வெண்ணம். இவ்விரண்டும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்றும், ஒன்றை நீக்கினால் மற்றதும் நீங்கிவிடும் என்றும் அவர் கருதியிருத்தல் இயல்பே.

சாயர்புரத்தில் தமிழாசிரியர்

தூத்துக்குடிக்கு அருகிலுள்ள சாயர்புரத்தில் ஜி.யு. போப் நிறுவிய கல்விநிலையம் ஒன்று நடைபெற்றுவந்தது. திருக்குறளையும் திருவாசகத்தையும் பின்னாளில் ஆங்கிலத்தில் பெயர்த்தவர் அவரே. அங்குத் தமிழாசிரியர் பணியிடத்திற்குத் தகுதியானவரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் கால்டுவெல் பங்குகொண்டார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கண நூலை 1856இல் வெளியிட்டுத் தமிழின் தனித்தன்மையை உலகறியச் செய்தவர் அவர். 1853ஆம் ஆண்டு அப்பணி கிருட்டிணனாருக்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது இருபத்தாறு.

அப்பணியில் ஒரு முரண் இருந்தது. சமயத்தொண்டு புரிய விரும்பும் கிறித்தவ இளைஞர்களுக்கு வைணவர் ஒருவர் இலக்கணமும் இலக்கியமும் கற்பித்தார். அவர் கற்பித்த தமிழ் அவர்களுடைய மறையுரைகளைச் செம்மைப்படுத்தியது. ஆனால் அம்மறையுரைகளின் பொருள் அவருக்கு உடன்பாடானதாக இல்லை. தொடக்கத்தில் அவர் கிறித்தவத்தை ஐயத்தோடும் வெறுப்போடுமே நோக்கினார். முன்னோர் வழியைக் கைவிடுதல் தம் குடும்பத்தையும் குலத்தையும் பிரிந்து செல்வதற்கு ஒப்பானது என்பது அவர் கருத்து.

உள்ளத்தில் எழுந்த போராட்டம்

நாள்கள் செல்லச் செல்ல அவர் மனத்தில் மாற்றம் அரும்பியது. அவருடைய நண்பர் தனக்கோடி ராஜு, தம்பி முத்தையா ஆகியோர் கிறித்தவத்தின்பால் ஈர்க்கப்பட்டனர். அவர்களோடு நிகழ்த்திய உரையாடல்களும், படிக்க நேர்ந்த நூல்களும், விவிலிய வாசிப்பும் கிருட்டிணனாரைச் சிந்திக்கத் தூண்டின. அயலார் சொல்லும்போது மறுப்பது எளிது. நெஞ்சுக்கு நெருக்கமானவர் ஒருவர் வாழ்ந்து காட்டும்போது அவ்வாறு மறுக்க இயலாது.

மனிதன் தன் குறைகளிலிருந்து விடுபடும் வழி யாது என்னும் வினா அவரைப் பெரிதும் வாட்டியது. இறைவனின் அருளாலன்றி மனிதனால் தன்முயற்சியால் மட்டும் கரையேற முடியாது என்பது வைணவம் அவருக்குக் கற்பித்த உண்மை. அவ்வுண்மையை அவர் ஒருபோதும் ஐயுறவில்லை. அவ்வருள் எங்ஙனம், எவ்வடிவில் தம்மை வந்தடையும் என்பதே அவர் தேடிய விடை. பிறர் குற்றத்தைத் தாம் ஏற்று, தம் உயிரையே பலியாகத் தந்த இயேசுவின் வாழ்வில் அவ்விடை இருப்பதாக அவர் உணர்ந்தார். தேடலுக்கு முன்பிருந்த வினா வைணவ மரபு தந்தது. விடையைக் கிறித்தவத்தில் கண்டார்.

விடை கண்டபின்னும் முடிவெடுப்பது எளிதாயில்லை. வேறு சமயம் தழுவுவோர் தம் பரம்பரைச் சொத்துரிமையை இழக்க வேண்டியதில்லை எனக் கிழக்கிந்தியக் கும்பினி அரசு 1850ஆம் ஆண்டு சட்டம் இயற்றியிருந்தது. எனினும் சட்டத்தால் தாயின் கண்ணீரைத் துடைக்க இயலாது. உறவினரின் வாயில்களைத் திறக்கவும் இயலாது. ஊர்ப் பந்தியில் இடமிழப்பதும், நல்லது கெட்டதுகளில் விலக்கி வைக்கப்படுவதும் அக்காலத்தில் உயிரிழப்பினும் கொடியவையாகக் கருதப்பட்டன. இளம்பருவத்திலேயே மணம் முடித்திருந்த கிருட்டிணனார், தம் முடிவால் தம்மைச் சார்ந்தோர்க்கு நேரும் துயரையும் எண்ணிப் பார்க்க வேண்டியவரானார்.

பெயரில் நிகழ்ந்த சேர்க்கை

இருப்புப்பாதை நெல்லையை எட்டாத காலம் அது. கிருட்டிணனார் தொலைவிலுள்ள சென்னைக்குச் சென்றார். 1858ஆம் ஆண்டில், தம் முப்பதாம் வயதில், அங்குத் திருமுழுக்குப் பெற்றுக் கிறித்தவரானார்.

திருமுழுக்கின்போது அவருக்கு ஹென்றி ஆல்பிரடு என்னும் பெயர் சூட்டப்பட்டது. புதிய பெயர் வந்தபோதும் பழைய பெயர் நீங்கவில்லை. ஹென்றி ஆல்பிரடு என்பதன் சுருக்கம் முதலெழுத்துகளாக முன்னே நிற்க, பெற்றோர் இட்ட கண்ணனின் பெயர் பின்னே நிலைத்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியாழ்வார் தாலாட்டிய தெய்வத்தின் பெயரைத் தாங்கிய ஒருவர் கிறித்தவப் பெருங்காப்பியம் பாடியது தமிழிலக்கிய வரலாற்றின் வியப்புகளுள் ஒன்று. அவருடைய வாழ்நாள் முழுவதும் நடைபெறவிருந்த பணிக்கு அப்பெயரே முன்னோட்டமாக அமைந்தது.

தொடக்கத்தில் துயருற்று விலகி நின்ற குடும்பத்தினர் காலப்போக்கில் அவரோடு இணைந்தனர். தாம் கிறித்தவரான வரலாற்றைப் பின்னாளில் அவரே உரைநடையில் எழுதிவைத்தார்.

ஒரே காலம், இரு தேடல்கள்

சென்னையில் கிருட்டிணனார் மாநிலக் கல்லூரியில் தமிழ் கற்பித்தார். பீட்டர் பெர்சிவல் நடத்திய தினவர்த்தமானி இதழில் துணையாசிரியராகவும் பணியாற்றினார். இப்பெர்சிவல் இன்னொரு தமிழறிஞரின் வாழ்விலும் இடம்பெற்றவர். யாழ்ப்பாணத்தில் அவர் விவிலியத்தைத் தமிழில் பெயர்த்தபோது அவருக்குத் துணைநின்றவர் ஆறுமுக நாவலர்.

நாவலர் 1822ஆம் ஆண்டில் பிறந்தவர். கிருட்டிணனாரைவிட ஐந்தாண்டு மூத்தவர். இருவரும் தமிழை ஐயந்திரிபறக் கற்றவர்கள். இருவரும் கிறித்தவக் கல்விநிலையங்களில் பணிபுரிந்து விவிலியத்தை நுணுகிப் படித்தவர்கள். அப்படிப்பு நாவலரைச் சைவத்தில் மேலும் உறுதிப்படுத்தியது. அவர் 1848ஆம் ஆண்டில் அப்பணியிலிருந்து விலகிச் சைவப்பள்ளி நிறுவி, நூல்களைப் பதிப்பித்து, தம் சமயத்திற்கும் தமிழுக்கும் வாழ்வை ஒப்படைத்தார். கிருட்டிணனாரையோ அதே படிப்பு கிறித்தவத்திற்கு அழைத்துச் சென்றது.

இவ்விருவரின் முடிவுகளும் எதிரெதிரானவை. ஆயினும் பிறர் சொல்லுக்கு அஞ்சியோ, பயன் கருதியோ எடுத்த முடிவுகளாக அவற்றைக் கொள்ள இயலாது. தாம் நம்பும் பொருளைத் தாமே ஆராய்ந்து, அதன் விளைவுகளைத் தாமே ஏற்றுக்கொள்ளும் நேர்மை இருவர்க்கும் பொதுவாய் இருந்தது. தமிழும் அவர்களுக்குப் பொதுவாய் இருந்தது.

சிறையில் பிறந்த கதை

சென்னைப் பணிக்குப் பின் கிருட்டிணனார் நெல்லைக்குத் திரும்பினார். சாயர்புரத்திலும் பாளையங்கோட்டையிலும் தமிழ் கற்பித்தார். மாணவர்க்கு உதவும் வகையில் இலக்கண நூலொன்றை எழுதினார். பழம்பாடல்களைத் தேர்ந்தெடுத்துக் காவிய தர்ம சங்கிரகம் என்னும் தொகுப்பை உருவாக்கினார். போற்றித் திருஅகவல் என்னும் வழிபாட்டு நூலையும் இயற்றினார். எனினும் அவர் உள்ளம் பெரியதொரு படைப்பை நாடியது.

அப்படைப்புக்கு மூலமாக அமைந்தது ஆங்கில நூலொன்று. பாத்திரங்களுக்கு ஈயம் பூசிப் பழுது பார்க்கும் எளிய குடும்பத்தில் பிறந்தவர் ஜான் பன்யன். அரசு இசைவின்றிச் சமயவுரை ஆற்றியமைக்காக அவர் ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் சிறையில் வாடினார். அவர் எழுதி 1678ஆம் ஆண்டு வெளிவந்த திருப்பயணியின் முன்னேற்றம் என்னும் உரைநடைக் கதை உலகமொழிகள் பலவற்றில் பெயர்க்கப்பட்டுள்ளது.

அழிவுக்குரிய நகரொன்றில் வாழும் மனிதன் தன் முதுகில் பெருஞ்சுமை இருப்பதை உணர்கிறான். மனைவி மக்களை அழைக்கிறான், அவர்கள் உடன்வரவில்லை. தனியே புறப்பட்டுச் சேற்றிலும் மலையிலும் இருள்சூழ்ந்த பள்ளத்தாக்கிலும் தடுமாறி நடக்கிறான். சிலுவையின் முன் அவன் சுமை தானாகக் கழன்று விழுகிறது. பிறகும் பயணம் தொடர்கிறது. ஆரவாரச் சந்தையையும் ஐயத்தின் கோட்டையையும் கடந்து, இறுதியில் ஆற்றைத் தாண்டி விண்ணகரை அடைகிறான். பன்யன் 1684ஆம் ஆண்டு வெளியிட்ட இரண்டாம் பகுதியில் அவன் மனைவியும் மக்களும் அதே வழியில் பின்தொடர்ந்து செல்கின்றனர்.

வீட்டாரைத் துயரில் விட்டுச் சென்னைக்குப் புறப்பட்ட கிருட்டிணனார்க்கு இக்கதை வேற்றுநாட்டார் கதையாகத் தோன்றியிராது. தம் வாழ்வில் நிகழ்ந்தவற்றையே அவர் அதில் கண்டார் எனலாம்.

தமிழ்க்காப்பியமாக மலர்ந்த பயணம்

ஆங்கில உரைநடைக் கதையை அவ்வாறே தமிழில் பெயர்ப்பது அவருக்கு அரிதன்று. ஆனால் அவர் தேர்ந்தது வேறு வழி. அக்கதையைக் கருவாகக் கொண்டு, பெருங்காப்பிய மரபில் இரட்சணிய யாத்திரிகத்தைப் படைத்தார். இரட்சணியம் என்பது மீட்பைக் குறிக்கும். யாத்திரிகம் பயணத்தைக் குறிக்கும். ஆதி பருவம், குமார பருவம், நிதான பருவம், ஆரணிய பருவம், இரட்சணிய பருவம் என ஐந்து பருவங்களாக அதனைப் பகுத்தார். பருவங்களைப் படலங்களாக விரித்தார். நூல் 3766 பாடல்களைக் கொண்டது.

இக்காப்பியம் நற்போதகம் என்னும் மாத இதழில் பதின்மூன்று ஆண்டுகள் தொடராக வெளிவந்தது. 1894ஆம் ஆண்டு நூலாக அச்சேறியது. அப்போது கிருட்டிணனார்க்கு வயது அறுபத்தேழு. ஆசிரியப்பணிக்கும் குடும்பப்பொறுப்பிற்கும் இடையே, திங்கள்தோறும் தவறாது செய்யுள் இயற்றிய உழைப்பு எண்ணிப் பார்க்கத்தக்கது.

பன்யனின் கதையில் இல்லாத பலவற்றை அவர் தம் காப்பியத்தில் சேர்த்தார். அவற்றுள் தலைசிறந்தது குமார பருவத்தில் இடம்பெறும் இயேசுவின் வரலாறு. குற்றமற்ற ஒருவர் கட்டுண்டு நிற்க, பகைவர் இழித்துரைக்க, அவர் மறுமொழி கூறாது பொறுத்திருக்கும் காட்சியைப் புலவர் நெஞ்சுருகப் பாடியுள்ளார். இராமன் நாடிழந்து காடு சென்றபோது அயோத்தி மக்கள் கலங்கியதைக் கம்பரிடம் கற்ற புலவர், எருசலேம் தெருக்களின் துயரத்தையும் அத்தகைய ஆற்றலோடு தீட்டினார். விருத்தப்பாவின் ஓட்டமும் உவமைகளின் செழுமையும் கம்பரை நினைவூட்டுகின்றன. தமிழுலகம் அவரைக் கிறித்தவக் கம்பர் எனப் பாராட்டியதற்கு இதுவே காரணம்.

படலங்களுக்கிடையே தேவாரம் என்னும் பெயரில் இசைப்பாடல்களையும் அவர் அமைத்தார். நாயன்மார்களின் பாடல்களுக்குரிய பெயரைக் கிறித்தவக் காப்பியத்தில் வழங்கியமை அவருடைய மனவிரிவைக் காட்டுகிறது. தமிழில் இறைவனைப் பாட விழைபவர் தமிழ் உருவாக்கிய வடிவங்களிலேயே பாட வேண்டும் என்பதை அவர் செயலால் உணர்த்தினார்.

சரண் என்னும் சொல்

அவருடைய பாடல்களில் மீண்டும் மீண்டும் ஒலிக்கும் உணர்வு அடைக்கலம் புகுதல். தம் தகுதியை எண்ணாது, இறைவன் திருவடியே கதி என வீழ்ந்து கிடப்பதை வைணவர்கள் சரணாகதி என்பர். ஆழ்வார் பாசுரங்களின் உயிரான அவ்வுணர்வு கிருட்டிணனாரின் கிறித்தவப் பாடல்களிலும் உயிராக விளங்குகிறது. முதுமையில் அவர் இயற்றி, 1899ஆம் ஆண்டு வெளிவந்த இரட்சணிய மனோகரத்தில் இவ்வுருக்கத்தை மிகுதியாகக் காணலாம்.

இளமையில், வைணவத்தை நீங்கினால் தம் தமிழும் நீங்கிவிடுமோ என்னும் அச்சம் அவர்முன் நின்றது. முதுமையில் அவ்வச்சத்திற்கு இடமில்லாமல் போயிற்று. கம்பரிடமும் ஆழ்வார்களிடமும் பெற்ற செல்வத்தை அவர் இழக்கவில்லை. புதிய வழிபாட்டுக்கு உரியதாக்கினார். கிறித்தவர் என்பதும் தமிழ்ப்புலவர் என்பதும் அவரிடத்தில் ஒன்றாயின. அவர் தம்மை முழுமையாகக் கண்ட இடம் அதுவே.

இவ்வொருமைப்பாடு அவருக்கு மட்டும் பயன்பட்டதாகாது. கிறித்தவம் அயல்நாட்டார் சமயம் என எண்ணியோர்க்கு அது தமிழில் இயல்பாகப் பேசவல்லது என்பதைக் காப்பியம் காட்டியது. பழைய இலக்கியங்கள் தமக்குரியவை அல்ல எனக் கருதி ஒதுங்கிய கிறித்தவ இளைஞர்க்கு, அவை தங்களுக்கும் உரிய முதுசொம் என்பதை உணர்த்தியது. வீரமாமுனிவரின் தேம்பாவணியும், உமறுப்புலவரின் சீறாப்புராணமும், கிருட்டிணனாரின் இரட்சணிய யாத்திரிகமும் பல்வேறு சமயத்தார் ஒரே மொழிக்குச் சூட்டிய அணிகலன்களாகத் திகழ்கின்றன.

பயணத்தின் நிறைவு

1900ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள், எழுபத்திரண்டாம் வயதில் கிருட்டிணனார் இயற்கை எய்தினார். அவர் பிறந்தபோது வைணவப் பெற்றோர் இட்ட பெயர் இறுதிவரை அவரோடிருந்தது. அதே பெயராலேயே இன்றும் அவர் அறியப்படுகிறார். பாளையங்கோட்டையிலும் சாயர்புரத்திலும் அவர் கற்பித்த தமிழ் மாணவர் பலரை உருவாக்கியது. அவர் இயற்றிய காப்பியத்தின் பகுதிகள் எல்லாச் சமயத்து மாணவரும் பயிலும் வகுப்பறைகளில் இன்று ஒலிக்கின்றன.

தெரிந்து தெளிவோம்

ஸ்ரீவில்லிபுத்தூரில் தோன்றிய பெரியாழ்வார் கண்ணனைக் குழந்தையாகப் பாவித்துப் பாடிய பாடல்களே பின்னாளில் வளர்ந்த பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கிய வகைக்கு முன்னோடி எனப்படுகின்றன. அவ்வகையில் சைவரும் வைணவரும் மட்டுமன்றி, இசுலாமியரும் கிறித்தவரும் நூல்கள் இயற்றியுள்ளனர்.

கற்பவை கற்றபின்...

1. ஆறுமுக நாவலர், எச்.ஏ. கிருட்டிணனார் ஆகியோரின் தமிழ்ப்பணிகளை ஒப்பிட்டுக் கட்டுரை எழுதுக.

2. ஒரு மொழியின் இலக்கிய வடிவங்கள் எல்லாச் சமயத்தார்க்கும் பொதுவானவை என்னும் கருத்தைச் சான்றுகளுடன் வகுப்பறையில் கலந்துரையாடுக.

3. உங்கள் ஊரில் வாழ்ந்து மறைந்த தமிழறிஞர் ஒருவரின் வாழ்க்கைக் குறிப்பைத் திரட்டித் தொகுக்க.